டாக்டர் தேவை! யாருக்குத் தேவை?

மில் கேட்டில் ஒட்டும் நோட்டீஸைப் படிக்க நமக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. "திருமணமாகாத இளம் பெண்கள் தேவை. தங்குமிடம், சாப்பாடு உண்டு. மூன்று வருஷம் முடிந்ததும் மொத்தமாகத் தொகை" என்று கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் ஆள் பிடித்த கதை ஊரறிந்தது. சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்களகரமான பெயரும் வைத்தார்கள். நூல் நூற்பதற்குக் கல்யாணமாகாமல் இருப்பது என்ன யோக்கியதை என்று வெளியூர்க்காரன் வியந்திருப்பான். நமக்குப் புரிந்தது. விடுதியில் பூட்டி வைத்த பெண்ணை எந்த ஷிப்டுக்கும் இழுக்கலாம். சங்கத்தின் பக்கம் வரவிடாமல் தடுக்கலாம். மூன்றாம் வருஷம் முடியுமுன் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்தத் தொகையும் மிச்சம். நிபந்தனை எவ்வளவு விசித்திரமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் பின்னால் ஒரு லாபக் கணக்கு இருக்கும்.

அதே கண்ணோடு இன்னொரு வகை விளம்பரத்தையும் படிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. புற்றுநோய் டாக்டர் வேண்டும் என்று ஆஸ்பத்திரிகளும் சர்க்கார் இலாகாக்களும் செய்யும் விளம்பரம் அது. டாக்டர் வேலைக்கு யார் போனால் நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், தோழர்களே! டாக்டர் தலையில் வைக்கும் நிபந்தனை, கடைசியில் நோயாளியின் உடம்பில்தான் இறங்குகிறது. அந்த நோயாளி நாளைக்கு நீங்களாக இருக்கலாம், உங்கள் மனைவியாக இருக்கலாம்.

மதுக்கரையில் 1934 முதல் மலையை வெட்டிச் சிமெண்ட் ஆக்குகிறார்கள். கம்பெனி பல கை மாறி 2022ல் அதானி கைக்குப் போயிருக்கிறது. கை மாறினாலும் தூசு மாறவில்லை. சுற்று வட்டாரத்தில் கல் உடைப்பவர் உண்டு, பஞ்சாலைக்குப் போகிறவர் உண்டு, சாயப்பட்டறைக்குப் போகிறவர் உண்டு, தோட்டத்தில் மருந்தடிப்பவர் உண்டு. உடைத்த கல்லிலிருந்து பறக்கும் சிலிக்கா தூசு மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1997லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே புற்றுநோய் டாக்டரை யார், எந்த நிபந்தனையில் அமர்த்துகிறார்கள் என்பது நம் ஜீவாதாரப் பிரச்னை.

நியாயமான நிபந்தனைகள்

கேட்பதெல்லாம் அநியாயம் என்று நாம் சொல்லவில்லை. விசித்திரமாகத் தோன்றும் சில நிபந்தனைகள் முழுக்க நியாயமானவை. அவற்றை நாம்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

முதலாவது, படிப்பு. எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.டி. அல்லது எம்.எஸ். முடித்து, அதற்கு மேல் மருந்து சிகிச்சைக்கு டி.எம்., ரண சிகிச்சைக்கு எம்.சி.எச். என்று மேலும் மூன்று வருஷம் படிக்க வேண்டும். இந்தியாவிலேயே முதல் முதலாகப் புற்றுநோய்க்கென்று இந்தப் படிப்புகளை 1984ல் ஆரம்பித்தது சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம். நல்ல செல்லும் கெட்ட செல்லும் பின்னிக்கிடக்கும் இடத்தில் கத்தி வைக்கிறவனுக்கு இந்தப் படிப்பைக் கேட்பது அவசியம்.

இரண்டாவது, கதிர்வீச்சு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பாதுகாப்பு அதிகாரி இல்லாமல் கதிர் சிகிச்சை நடத்தக் கூடாது என்பது சட்டம். "இது வெறும் காகிதச் சடங்கு" என்று சில நிர்வாகிகள் முனகுவார்கள். 2010ல் டில்லியில் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நடந்ததை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் தள்ளிவிட்ட கருவிக்குள் கோபால்ட்-60 இருந்தது. அதை உடைத்த தொழிலாளிகள் கதிர் பட்டு வெந்தார்கள். ஒருவர் செத்தார். பெரிய படிப்புப் படித்தவர்கள் காட்டிய அலட்சியத்துக்குக் காயலான் கடைக் கூலி உயிர் கொடுத்தான். ஆகவே இந்த நிபந்தனையில் ஓர் எழுத்தையும் குறைக்க விடக்கூடாது.

மூன்றாவது, தமிழ். சர்க்கார் டாக்டர் வேலைக்குத் தமிழ்ப் பரீட்சை எதற்கு, புற்றுநோய்க்கு மொழி உண்டா என்று கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2023 ஜனவரியில் தமிழக அரசு பணியாளர் சட்டத்தைத் திருத்தி, தமிழ்த் தாளில் 40 சதவீத மார்க் கட்டாயம் என்று ஆக்கியபோது இந்தக் கேலி பலமாகவே கேட்டது. நோய்க்கு மொழி இல்லை; நோயாளிக்கு உண்டு. களையெடுத்துவிட்டு வந்த ஒரு அம்மா, "தீட்டு நின்னு அஞ்சு வருசமாச்சுங்க, இப்ப மறுபடியும் படுதுங்க" என்று தலையைக் குனிந்து, பாதி வாய்க்குள் சொல்வாள். கர்ப்பப்பைப் புற்றுநோயின் எச்சரிக்கை மணி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அது புரியாத டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். ஆறு மாதம் கழித்து அந்த அம்மா திரும்பி வரும்போது நோய் எல்லை தாண்டியிருக்கும். ஆகவே தமிழ் தெரிய வேண்டும் என்பது மொழிப் பெருமைக்காக வைத்த நிபந்தனை அல்ல. ஏழை நோயாளியின் உயிருக்கு வைத்த காவல்.

நான்காவது, சேவை உறுதிமொழி. ஜனங்களின் வரிப்பணத்தில் மேல்படிப்புப் படித்தவர், குறிப்பிட்ட காலம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும் என்ற பத்திரம் செல்லும் என்று 2019 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. டி.எம்., எம்.சி.எச். இடங்களில் பாதியைச் சர்க்கார் பணியில் உள்ள டாக்டர்களுக்கு ஒதுக்கித் தமிழக அரசு 2020 நவம்பரில் உத்தரவு போட்டது. உடனே கோர்ட்டுக்கு ஓடினார்கள். கடைசியில் 2022 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செயல்படுத்த அனுமதித்தது. கிராம ஆரம்ப சுகாதார நிலையத்தில் உழைத்த டாக்டர் படித்துவிட்டு நம்மிடமே திரும்பி வருவதற்கான வழி இது. இதை எதிர்ப்பவர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நான்கையும் கவனியுங்கள். நான்கும் டாக்டருக்குச் சுமைதான். ஆனால் அந்தச் சுமையால் நோயாளிக்கு நன்மை.

முதலாளியின் நிபந்தனைகள்

இனி மறுபக்கம். பளிங்குத் தரை போட்ட பெரிய ஆஸ்பத்திரிகள் டாக்டர்களைப் பிடிக்கும்போது பேசும் பாஷை வேறு. "மினிமம் கியாரண்டி" என்கிறார்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை உறுதி. அதற்குப் பிறகு நீ பார்க்கும் நோயாளி, நீ செய்யும் ஆபரேஷன், நீ ஏற்றும் மருந்து, இவற்றின் பில்லில் உனக்கு ஒரு பங்கு. "சொந்தமாக நோயாளிக் கூட்டம் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை" என்கிறார்கள். "வெளியூர் முகாம்களுக்குப் போகச் சம்மதிக்க வேண்டும்" என்கிறார்கள். இலவச முகாம் என்று ஊர் ஊராகப் பந்தல் போடுவது, மீனுக்குப் புழு போடுவது போல்தான். முகாமில் சோதனை இலவசம். முகாமுக்குப் பிறகு வருவதற்கெல்லாம் பில்.

இதில் நடு நாயகமான சொல் "கன்வர்ஷன்". பார்க்க வந்த நூறு பேரில் எத்தனை பேரை ஆபரேஷனுக்கோ அட்மிஷனுக்கோ தள்ளினாய் என்ற கணக்கு அது. இதை நாம் கட்டிவிடவில்லை. மனசாட்சியுள்ள டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள். புனேயைச் சேர்ந்த டாக்டர் அருண் கத்ரேயும் டாக்டர் அபய் சுக்லாவும் நாடெங்கும் 78 டாக்டர்களின் வாக்குமூலத்தைத் திரட்டி 2016ல் புத்தகமாகவே போட்டார்கள். கார்ப்பரேட் ஆஸ்பத்திரி நிர்வாகம் டாக்டரைக் கூப்பிட்டு, உன் கன்வர்ஷன் போதாது, கூட்டு, இல்லையென்றால் வேலை இல்லை என்று மிரட்டுவதை அதில் அவர்கள் விவரித்திருக்கிறார்கள்.

ரிங் ஸ்பின்னிங்கில் நிற்கும் தோழருக்கு இது புதிதா? இத்தனை ஸ்பிண்டில், இத்தனை உற்பத்தி, குறைந்தால் மெமோ! உங்களிடம் நூலுக்கு டார்கெட். டாக்டரிடம் மனித உடம்புக்கு டார்கெட். உங்கள் டார்கெட்டில் நூல் அறுந்தால் மறுபடி முடிச்சுப் போடலாம். தேவையில்லாமல் அறுத்த உடம்புக்கு எந்த முடிச்சுப் போடுவது?

புற்றுநோயில் இது மிகவும் கொடியது. ஏன்? இந்த நோய்க்காரன் பேரம் பேசமாட்டான். பயம் தொண்டையைப் பிடித்திருக்கும். டாக்டர் "எட்டுத் தடவை மருந்து ஏற்ற வேண்டும்" என்றால், ஆறு போதாதா என்று கேட்கும் படிப்பு நமக்கில்லை, தைரியமும் இல்லை. காடு விற்பான், கழுத்துத் தாலியை விற்பான், கந்துக்காரனிடம் போவான். அந்த மருந்தில் எவ்வளவு கொள்ளை? 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வியாபார லாபம் 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று தேசிய மருந்து விலை ஆணையம் வரம்பு கட்டியது. வரம்பு கட்டியவுடன் சில மருந்துகளின் அச்சிட்ட விலை 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. சரிந்த அந்தத் தொகை அதுவரை யார் பைக்குப் போயிற்று? இந்த லாபத்தின் மேல்தான் "இன்செண்டிவ்" என்ற அழகான சொல் உட்கார்ந்திருக்கிறது.

பில்லில் பங்கு என்ற ஏற்பாடு எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. டெட்ராய்ட் பக்கத்தில் பரீத் பத்தா என்ற புற்றுநோய் டாக்டர் இருந்தார். டாக்டரும் அவரே, கிளினிக் முதலாளியும் அவரே. 553 நோயாளிகளுக்குத் தேவையற்ற மருந்தை ஏற்றியிருக்கிறார். அவர்களில் புற்றுநோயே இல்லாதவர்களும் உண்டு. 2015ல் அவருக்கு 45 வருஷச் சிறை விதித்தார்கள். அவர் ஒரு தனிமனிதர், ராட்சதர் என்று பத்திரிகைகள் எழுதின. நாம் சொல்கிறோம்: மருந்து ஏற்றுவதற்கும் பை நிரம்புவதற்கும் நேர்க்கோடு போட்டு வைத்த அமைப்பு எங்கே இருக்கிறதோ, அங்கே நல்ல மனிதனும் தினம் சோதனைக்கு ஆளாகிறான். எல்லா டாக்டரும் திருடர் என்பதல்ல நம் வாதம். யோக்கியமான டாக்டர் யோக்கியமாக இருப்பதற்கே தண்டனை பெறும் ஷரத்து ஒழிய வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

இன்னொரு ஷரத்தையும் கேளுங்கள். வேலையை விட்டுப் போனால் இத்தனை மைல் சுற்றளவில், இத்தனை வருஷம் வேறு எங்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று கையெழுத்து வாங்குகிறார்கள். பண்ணையாளைக் கடன் பத்திரத்தில் கட்டிப்போட்ட பழைய மிராசுதாரின் புத்தி இது. தொழில் செய்யும் உரிமையைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27வது பிரிவு சொல்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டமே ஒப்புக்கொள்ளாத அடிமைச் சீட்டு! ஆனாலும் கையெழுத்து வாங்குகிறார்கள். காரணம், கோர்ட்டுக்குப் போகத் தெம்பில்லாத இளம் டாக்டர் பயந்து வாயை மூடிக்கொள்வார். அவர் வாய் மூடினால் பாதிக்கப்படுவது யார்? பாதி சிகிச்சையில் இருக்கும் நோயாளி. அவனுடைய டாக்டர் திடீரென்று காணாமல் போய்விடுகிறார். எங்கே போனார் என்று ஆஸ்பத்திரி சொல்லாது.

சர்க்காரின் நிபந்தனைகள்

தனியார்தான் இப்படி, சர்க்கார் எப்படி? சர்க்கார் விளம்பரங்களில் வேறு விதமான விசித்திரம். "இந்தப் பதவி முற்றிலும் தற்காலிகமானது. எக்காலத்திலும் நிரந்தரம் கோரமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்." மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் பெயரில் டாக்டர், நர்ஸ், லேப் ஊழியர் எல்லோருக்கும் இதே ஷரத்து. 11 மாதம், ஒரு வருஷம் என்று காண்ட்ராக்ட். முடிந்தால் மறுபடி வரிசையில் நில்.

மில்லில் பதிலித் தொழிலாளி என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். இருபது வருஷம் உழைத்தாலும் பதிலி பதிலிதான். இப்போது டாக்டரையும் பதிலி ஆக்கிவிட்டார்கள். புற்றுநோய் வைத்தியத்தில் இதன் அர்த்தம் என்ன தெரியுமா? நோய் கண்டது முதல் குறைந்தது ஐந்து வருஷம் அந்த ஆளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். கட்டி மறுபடி தலை தூக்குகிறதா, மருந்து இருதயத்தைக் கெடுத்ததா என்று கவனிக்க வேண்டும். நோய்க்கு ஐந்து வருஷம், டாக்டருக்குப் பதினொரு மாதம்! ஒருவர் ஆரம்பித்த சிகிச்சையை மூன்றாமவர் முடிப்பார். நான்காமவருக்குப் பழைய சீட்டைப் படித்துப் பார்க்கவே நேரம் இராது.

பிறகு மந்திரிகள் என்ன சொல்கிறார்கள்? "விளம்பரம் செய்தோம், ஸ்பெஷலிஸ்ட் கிடைக்கவில்லை." பத்துப் பன்னிரண்டு வருஷம் படித்தவர் 11 மாதக் கூலிக்கு வரவில்லை என்றால் குற்றம் யாருடையது? தூண்டிலில் புழு வைக்காமல் குளத்தைத் திட்டுகிறார்கள். பிறகு அந்தக் காலியிடத்தையே காரணம் காட்டி நோயாளியைத் தனியாருக்கு அனுப்புகிறார்கள். 2009ல் ஆரம்பித்து 2012ல் திருத்தியமைத்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், 2018 முதல் மத்திய சர்க்கார் திட்டத்தோடு சேர்த்து, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. ஏழைக்கு அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் பணம் பெரும்பகுதி எங்கே போகிறது? டாக்டருக்குக் கன்வர்ஷன் டார்கெட் வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது போகிறதா, இல்லையா? ஜனங்களின் பணத்தில் பில் கட்டும் சர்க்கார், அந்த ஆஸ்பத்திரியிடம் "டாக்டரிடம் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினாய், காட்டு" என்று ஒரு தடவையாவது கேட்டதுண்டா?

இ.எஸ்.ஐ. யாருடைய பணம்?

மில் தோழர்கள் இங்கே கொஞ்சம் நிதானித்துக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. திட்டம் முதலில் வந்த ஊர் நம் கோயமுத்தூர், வருஷம் 1955. சும்மா வரவில்லை. 1946 ஜனவரி 8ந் தேதி தூக்குமேடை ஏறிய சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரின் காலத்திலிருந்து இந்த மண்ணின் பஞ்சாலைத் தொழிலாளி நடத்திய போராட்டங்கள் அதற்குப் பின்னால் நிற்கின்றன. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி யாரும் போட்ட பிச்சை அல்ல. நம் கூலியில் பிடித்த காசு.

அந்தக் காசை என்ன செய்தார்கள்? 2019 ஜூலை முதல் மொத்தச் சந்தாவை 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தார்கள். முதலாளி பங்கு 4.75லிருந்து 3.25க்கு இறங்கியது. தொழிலாளி பங்கு 1.75லிருந்து 0.75க்கு இறங்கியது. உங்களுக்கும் குறைத்தோமே என்று தட்டிக் கொடுத்தார்கள். 10,000 ரூபாய் சம்பளக்காரனுக்கு மாதம் 100 ரூபாய் மிச்சம். அவனுக்காக முதலாளி கட்டியதில் முதலாளிக்கு 150 ரூபாய் மிச்சம். ஆயிரம் பேர் வேலை செய்யும் மில்லுக்கு மாதம் ஒன்றரை லட்சம்! வைத்திய நிதியில் வெட்டிய இந்தப் பணத்தில் எத்தனை நிரந்தர ஸ்பெஷலிஸ்ட் பதவிகளை உண்டாக்கியிருக்கலாம்? அதற்குப் பதில் ஸ்பெஷலிஸ்ட்டைக் காண்ட்ராக்டில் தேடுகிறார்கள். பெரிய நோய் வந்தால் "டை-அப்" ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுகிறார்கள்.

சம்பள வரம்பு வேறு. 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய் என்று வைத்தார்கள். விலைவாசி ஏற, பஞ்சப்படியும் ஏற, வரம்பைத் தாண்டியவர் வெளியே தள்ளப்படுகிறார். முப்பது வருஷம் சந்தா கட்டியவன், நோய் வரும் வயதில் வெளியே!

விவசாயத் தொழிலாளிக்கோ இந்தக் கதவும் இல்லை. நெல்லுக்கும் வாழைக்கும் மஞ்சளுக்கும் மருந்தடிப்பவன் இ.எஸ்.ஐ. கணக்கில் தொழிலாளியே அல்ல. கிளைபோசேட் களைக்கொல்லியும் மாலத்தியானும் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று 2015ல் அதே சர்வதேச நிலையம் அறிவித்தது. முதுகில் டப்பாவைச் சுமந்து, காற்றுக்கு எதிரே நின்று அடிக்கும் கூலியிடம் அதை யார் சொன்னார்கள்?

விளம்பரத்தில் இல்லாத நிபந்தனை

இதுவரை இருக்கிற நிபந்தனைகளைப் பார்த்தோம். இருக்க வேண்டிய ஒன்று, எந்த விளம்பரத்திலும் காணோம். "நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று கேட்டு எழுதத் தெரிந்திருக்க வேண்டும்" என்பதே அது.

டாக்டர் வழக்கமாகக் கேட்பது: பீடி உண்டா, சாராயம் உண்டா, புகையிலை உண்டா? கேட்கட்டும், அவையும் கொல்லிகள்தான். ஆனால் அதோடு நிறுத்தினால் குற்றம் முழுக்க நோயாளி தலையில் விழுகிறது. 1700ல் இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி, நோயாளியிடம் "உன் தொழில் என்ன" என்று கட்டாயம் கேள் என்று எழுதிவைத்தார். 1775ல் லண்டன் ரண சிகிச்சை நிபுணர் பெர்சிவால் பாட், புகைபோக்கி துடைக்கும் பையன்களுக்குப் பின்னாளில் விரைப்பையில் புற்றுநோய் வருவது கரியினால் என்று கண்டுபிடித்தார். 1895ல் ஜெர்மனியில் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைக்காரர்களின் சிறுநீர்ப் பையில் புற்றுநோயைக் கண்டார். தொழில் புற்றுநோயைத் தரும் என்பது விஞ்ஞானத்துக்கு 250 வருஷப் பழைய செய்தி!

ஆஸ்பெஸ்டாஸை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் கூரையில் கிடக்கும் சீட்டுத்தான். அதன் நார் மூச்சில் போனால் 20, 30, 40 வருஷம் கழித்து நுரையீரலிலும் அதன் உறையிலும் புற்றுநோய் வரும். இந்தியாவில் அதைத் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் ருஷ்யா முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்து சீட்டு அடிப்பதை நிறுத்தவில்லை. 1995 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது: ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் ஆரோக்கியப் பதிவேட்டை வேலையில் சேர்ந்தது முதல் 40 வருஷமோ, வேலையை விட்டபின் 15 வருஷமோ, எது பிந்தியதோ அதுவரை முதலாளி காக்க வேண்டும், நோய் கண்டவருக்கு ஒரு லட்சம் நஷ்டஈடு தர வேண்டும். ஆஸ்பெஸ்டாஸினால் வரும் நுரையீரல் புற்றுநோயும், தொழிலினால் வரும் சிறுநீர்ப் பைப் புற்றுநோயும் இ.எஸ்.ஐ.யின் தொழில்நோய் அட்டவணையில் இருக்கின்றன.

சட்டம் இருக்கிறது, அட்டவணை இருக்கிறது. ஆனால் டாக்டர் "என்ன வேலை செய்தீர்கள்" என்று கேட்டுச் சீட்டில் எழுதவில்லை என்றால் நஷ்டஈடு கேட்க ஆதாரம் எங்கே? அந்த ஒரு வரி எழுதப்படாததால் முதலாளி தப்பிக்கிறான். நோயாளிக்கோ, "பீடி குடித்தான், செத்தான்" என்ற பெயர்தான் மிஞ்சுகிறது. கன்வர்ஷனைக் கணக்கிட ஆள் வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு இந்தக் கேள்வியால் ஒரு காசும் வராது. அதனால்தான் அது விளம்பரத்தில் இல்லை!

எதிர்ப்போருக்குப் பதில்

"லாபம் இல்லாவிட்டால் நல்ல டாக்டர் வரமாட்டார்; எல்லோரும் அமெரிக்காவுக்குப் போய்விடுவார்கள்" என்கிறார்கள் முதலாளிகளின் பத்திரிகைகள். அடையாறைப் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் 12 படுக்கையோடு தொடங்கிய இடம் அது. சர்க்கார் உத்தியோகம் கிடைத்திருந்தும் அதை விட்டுவிட்டு 1955ல் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் கண்மூடும் வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். அமெரிக்காவின் பொருளாதார முற்றுகையில் இருந்துகொண்டே கியூபா, சர்க்கார் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகளை வைத்து நுரையீரல் புற்றுநோய்க்கு சீமாவாக்ஸ் என்ற சிகிச்சை மருந்தை 2011ல் தன் ஜனங்களுக்குக் கொடுத்தது. லாபம் இல்லாத இடத்தில் திறமை இராது என்பது பொய்.

அதேசமயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஒரு சாந்தாவின் தியாகத்தைக் காட்டி ஆயிரம் டாக்டர்களைக் கூலியில்லாமல் வேலை வாங்க நாம் கேட்கவில்லை. தியாகம் தனிமனிதர் பெருமை. அதைச் சட்டமாக்க முடியாது. நல்ல சம்பளம், நிரந்தர வேலை, போதுமான ஆள் என்பது டாக்டரின் உரிமை. முழுநேரச் சம்பள டாக்டர், தனி பிராக்டிஸ் கூடாது, காசில்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்று போர் கமிட்டி 1946லேயே சிபாரிசு செய்தது. அந்த அறிக்கை இன்னும் அலமாரியில்தான் தூங்குகிறது.

2024 நவம்பர் 13ந் தேதி சென்னை கிண்டி அரசு உயர் சிறப்பு ஆஸ்பத்திரியில், புற்றுநோய் கண்ட தாயின் மகன் ஒருவன் டாக்டரைக் கத்தியால் குத்தினான். தாயின் வேதனையைப் பார்த்த மகனின் துயரம் நமக்குப் புரியும். ஆனால் கத்தி தவறான இடத்தில் இறங்கியது. அடுத்து டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டது பாதுகாப்பு மட்டுமல்ல. காலியிடங்களை நிரப்பு என்றும் கேட்டார்கள். அது நம் கோரிக்கையும்தான். ஒரே டாக்டர் முன்னால் நூறு பேரை நிறுத்திவிட்டு, டாக்டரையும் நோயாளியையும் மோதவிட்டு, பின்னால் நின்று கை தட்டுகிற ஏற்பாட்டை அடையாளம் காண வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

எந்த டாக்டர் விளம்பரம் கண்ணில் பட்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த நிபந்தனை நோயாளியின் உயிரைக் காக்கிறதா? இதனால் பணம் யாருக்குப் போகிறது? டாக்டர் "இந்த நோயாளிக்கு ஆபரேஷன் தேவையில்லை" என்று சொன்னால் அவர் வேலை நிலைக்குமா? மூன்றாவது கேள்விக்கு "நிலைக்காது" என்பது பதிலானால், அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் எத்தனை சாமி படம் மாட்டியிருந்தாலும் உள்ளே நடப்பது கடைதான்.

நம் கோரிக்கைகள் இவை:

1. கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலும் புற்றுநோய்ப் பதவிகள் அத்தனையும் நிரந்தரப் பதவிகளாக வேண்டும். காலியிடக் கணக்கை வாசல் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

2. சர்க்கார் காப்பீட்டுப் பணமோ இ.எஸ்.ஐ. பணமோ வாங்கும் எந்த ஆஸ்பத்திரியும் டாக்டருக்கு டார்கெட்டோ பில்லில் பங்கோ வைக்கக் கூடாது. ஒப்பந்தத்தைச் சர்க்காரிடம் காட்ட வேண்டும்.

3. புற்றுநோய்ச் சீட்டில் "செய்த தொழில்கள்" என்ற பத்தி கட்டாயமாக வேண்டும்.

4. இ.எஸ்.ஐ. சந்தாவில் முதலாளி பங்கைப் பழையபடி உயர்த்த வேண்டும். சம்பள வரம்பை உயர்த்த வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் அதற்கு ஈடான பாதுகாப்பு வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். இரண்டு வருஷம் தொடர்ந்து இ.எஸ்.ஐ.யில் இருந்தவருக்குப் புற்றுநோய் வந்தால், நீடித்த நோய்ப் படியாகக் கூலியில் 80 சதவீதம் இரண்டு வருஷம் வரை பெற உரிமை உண்டு. மில் கமிட்டித் தோழர்கள் இதை ஒவ்வொரு ஷிப்டிலும் சொல்ல வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "நான் கல் உடைச்சேனுங்க", "சாயப்பட்டறையில பத்து வருசம் நின்னேனுங்க", "மருந்தடிச்சேனுங்க. அதையும் சீட்டுல எழுதுங்க." எழுத மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள்.

நம் உழைப்பை வாங்கிய கை, நம் நோயையும் சரக்காக்கி விற்கப் பார்க்கிறது. மில் கேட்டில் ஆள்பிடிப்பு நோட்டீஸின் சூதை அறிந்த வர்க்கம், ஆஸ்பத்திரி வாசலில் ஏமாறலாகாது. அடுத்த வாரம் வாயிற்கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளை வையுங்கள்! பஞ்சாலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள்! யோக்கியமான டாக்டர்களையும் நர்சுகளையும் பக்கத்தில் அழையுங்கள், அவர்களும் உழைப்பவர்கள்தான்.